ஒரே நாளில் கோல்டன் சர்க்கிள்: கேட்டவை, சொன்னவை

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் காலையில் கிளம்பி, திங்வெல்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபோஸ் அருவி மூன்றையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் சுற்றுக்குத்தான் கோல்டன் சர்க்கிள் என்று பெயர். சுமார் 250 கி.மீ. வழிகாட்டியோடு சிறு குழுவாகப் போவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கே: லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நான்கு நாள் ஐஸ்லாந்து. எனக்கு 62, கணவருக்கு 67. பெரிய பஸ், சின்ன வேன், வாடகைக் கார், எதில் போகலாம்? வேனுக்கு மட்டும் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்கள்?
– வாசகி, திருச்சி

வேனில் போங்கள். சிறு குழு என்று அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் 19 பேருக்குள் அடங்கும் மினி பஸ். பெரிய பஸ்ஸில் ஐம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ஐம்பது பேர் இறங்க ஐந்து நிமிடம், ஏற ஐந்து நிமிடம், கழிவறை வரிசையில் பத்து நிமிடம். நான்கு இடத்தில் நின்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இதிலேயே போய்விடும். வேனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

இன்னொரு லாபம் திங்வெல்லிரில் கிடைக்கும். வேன் ஓட்டுநர் உங்களை மேலே, ஹாகித் பார்வைமேடை அருகே இறக்கிவிட்டு, வண்டியைக் கீழ் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய்க் காத்திருக்க முடியும். நீங்கள் அல்மன்னாக்யா பிளவுக்குள் இறக்கமாகவே நடந்து வண்டியில் ஏறிக்கொள்ளலாம், திரும்ப மேடேற வேண்டாம். உங்கள் வயதில் முழங்காலுக்கு இது பெரிய உதவி. ஆனால் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. முன்பதிவு செய்யும்போதே, "மேலே இறக்கிக் கீழே ஏற்றுவீர்களா?" என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சிறு வண்டியில் ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே. கதை எல்லாம் வண்டி ஓடும்போது மைக்கில் வரும், இறங்கிய பிறகு அவர் எப்போதும் கூடவே நடந்து வர மாட்டார். அதனால் பின் இருக்கையில் உட்கார்ந்து தூங்கினால் பாதி விஷயம் போச்சு.

மகன் காரோட்டுவதாக இருந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை யோசிக்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை வேண்டாம். பனி உறைந்த சாலை ஒரு பக்கம், காற்று இன்னொரு பக்கம். காற்றில் கார்க் கதவைத் திறந்தால் கீலோடு மடங்கிப் போகும். அந்தச் சேதம் பல வாடகைக் காப்பீட்டில் சேராது.

விளம்பரத்தில் "9 இடங்கள்" என்று பார்த்து மயங்காதீர்கள். எத்தனை இடம் என்பதை விட்டுவிட்டு, ஓரிடத்தில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். திங்வெல்லிருக்கு 60, கெய்சிர் பகுதிக்கு 60 (சாப்பாடும் அங்கேதான் என்றால் 90), குல்ஃபோஸுக்கு 50 நிமிடம் இல்லையென்றால் அது இறங்கிப் படம் எடுத்து ஏறும் பயணம்தான்.

கே: பிரிட்டன் விசாவிலேயே ஐஸ்லாந்தும் போகலாமா?
– வாசகர், மதுரை

முடியாது. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும். நீங்கள் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், "லண்டன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் சிக்கிக்கொள்வீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்து போகக் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கே: ஹோட்டல் வாசலுக்கே வண்டி வரும் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் ஏதோ பஸ் ஸ்டாப் எண்ணும் கேட்கிறார்கள். புரியவில்லை.
– வாசகி, கோவை

ரெய்க்யவிக் நகர மையத்தின் தெருக்களில் சுற்றுலா வண்டிகள் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அதற்கென்று எண்ணிட்ட நிறுத்தங்கள் உண்டு. நகர மன்றம் அருகே 1, ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தின் பக்கம் 8 என்று ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும். உங்கள் விடுதிக்கு எது பக்கமோ அந்த எண்ணைப் பதிவில் கொடுக்க வேண்டும்.

பிசகு நேர்வது இரண்டு இடத்தில். ஒன்று, பயணம் 9 மணிக்கு என்றால் ஏற்றிக்கொள்வது 8.30 முதல் 9 வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கும். 8.30-க்கே நிறுத்தத்தில் நிற்க வேண்டும். விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். இரண்டு, ஒரே நிறுத்தத்தில் ஏழெட்டு நிறுவன வண்டிகள் அடுத்தடுத்து வரும். எல்லாம் கோல்டன் சர்க்கிள்தான். நிறுவனப் பெயரைப் பார்த்து, பயணிகள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். அரை மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், பதிவுச் சீட்டில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கே: ஸ்ட்ரோக்கூர் ஊற்று பீறிடுவதை வீடியோ எடுக்க ஆசை. எங்கே நிற்பது, எப்போது எடுப்பது? பக்கத்தில் இருக்கும் பெரிய கெய்சிர் எப்போது அடிக்கும்?
– வாசகர், சென்னை

பெரிய கெய்சிருக்காகக் காத்திருக்காதீர்கள். அது அடிப்பது மிக மிக அபூர்வம். உங்களுக்கு ஸ்ட்ரோக்கூர்தான்: 6 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் 15–20 மீட்டர், சில சமயம் 40 மீட்டர் வரை.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் படம் எடுப்பது சுலபம். ஊற்றின் குழாய் 20 மீட்டருக்கும் மேல் ஆழம். மேலே நிற்கும் நீரின் எடை அழுத்துவதால் அடியில் உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது, குக்கருக்குள் நடக்கும் அதே கதைதான். 20 மீட்டர் ஆழத்தில் கொதிநிலை சுமார் 130 டிகிரி. வெப்பம் அதையும் தொட்டதும் ஆவிக் குமிழி ஒன்று மேலே கிளம்பும். அது கொஞ்சம் நீரைத் தள்ளிவிட்டதும் அழுத்தம் குறையும், கீழே உள்ளது அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகி மொத்த நீரையும் தூக்கி எறியும்.

மேலிருந்து பார்க்கும்போது முதலில் குளத்து நீர் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். இது பல முறை நடக்கும், ஒவ்வொன்றுக்கும் கேமராவை அழுத்தினால் கைதான் வலிக்கும். பிறகு திடீரென நீலக் குமிழ் ஒன்று அரைக்கோளமாக உப்பும். அது ஒரு நொடிகூட நிற்காது. அந்தக் குமிழ்தான் படத்தில் வேண்டும், அதைக் கண்ட பின் பொத்தானை அழுத்தினால் கிடைக்காது. முந்தைய பீறலிலிருந்து 4 நிமிடம் ஆனதும் போனை நெட்டுவாக்கில் பிடித்து, சட்டத்தின் கீழ்க் கால்பாகத்தில் குளத்தை வைத்து, ஸ்லோமோஷனில் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். கூடுதல் பேட்டரியைப் பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள் சட்டைப்பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

நிற்கும் இடம் முக்கியம். காற்று உங்கள் முதுகிலிருந்து ஊற்றை நோக்கி வீச வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் ஆவி மொத்தத்தையும் மறைப்பதோடு, சாரலில் நனையவும் நேரும். கூட்டம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் போகாதீர்கள், அது பெரும்பாலும் நனையும் பக்கம்! ஒரு பீறல் முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அப்போது முன்னே போய் அடுத்ததை எடுங்கள்.

சாரல் லென்சிலோ மூக்குக் கண்ணாடியிலோ பட்டால் காய விடாமல் உடனே ஈரத்துணியால் துடையுங்கள். அந்த நீரில் சிலிக்கா கரைந்திருக்கிறது, காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாகப் படிந்து போகவே போகாது. கயிற்றைத் தாண்டக் கூடாது. பாதையோரம் வழியும் சின்ன ஓடைகூடக் கொப்புளம் கிளப்பும் சூடு. குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: குல்ஃபோஸில் குளிக்கலாமா?
– வாசகர், தென்காசி

குற்றாலத்துக்காரர் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். கூடாது. லாங்யோகுட்ல் பனிப்பாறை உருகி வரும் க்வித்தா ஆறு அது. கோடையில் நொடிக்குச் சுமார் 140 கனமீட்டர் நீர், முதலில் 11 மீட்டர், உடனே திரும்பி 21 மீட்டர் என இரண்டு படியாக, குறுகிய பிளவுக்குள் விழுகிறது. மொத்தம் 32 மீட்டர்தான், உயரத்தில் குற்றாலம் பேரருவியே பெரிது. இங்கே பார்க்க வேண்டியது உயரமல்ல, அகலமும் வேகமும்.

மேல் தளம், கீழ்ப் பாதை என இரண்டு உண்டு, நடுவே படிக்கட்டு. கீழ்ப் பாதை முதல் படியின் விளிம்புக்கே கூட்டிப் போகும், நேரம் குறைவென்றால் அதை மட்டும் பாருங்கள். குளிர்காலத்தில் சாரல் உறைந்து கண்ணாடி போலாகிவிடுவதால் கீழ்ப் பாதையைச் சங்கிலி போட்டு மூடிவிடுவார்கள். அப்போது அதைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள். வெயில் அடித்தால் சூரியனை முதுகில் வைத்து நின்று பாருங்கள், சாரலில் வானவில் தெரியும்.

கே: அம்மா புடவைதான் கட்டுவார். அக்டோபரில் போகிறோம். என்ன உடுப்பு எடுத்துப் போவது?
– வாசகி, சிங்கப்பூர்

புடவைக்கு அங்கே எதிரி குளிரைவிடக் காற்றும் ஈரமும். கரை நனைந்து கனத்து, படியில் காலைத் தட்டும். அன்று ஒருநாள் மட்டும் பேன்ட் போடச் சம்மதிக்க வையுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி எதுவுமே உடம்போடு ஒட்ட வேண்டாம். நனைந்தால் நாள் முழுக்கக் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அடியில் கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், மேலும் கீழும். அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழை மேலாடை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், அதே மாதிரி மழைப் பேன்ட். மழைப் பேன்ட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். குல்ஃபோஸ் சாரல் பக்கவாட்டில் வரும்போது ஜாக்கெட்டுக்குக் கீழே தொடை முழுக்க நனையும். வண்டிக்குள் சூடாக இருக்கும், ஆகவே ஒரே கனத்த கோட்டைவிட கழற்றி மாட்டும் மூன்று அடுக்கு நல்லது.

குடை பயனில்லை, ஐந்து நிமிடத்தில் கம்பி வெளியே வரும். ஊட்டியில் விற்கும் குரங்குக் குல்லாவைக் கிண்டல் செய்யாமல் எடுத்துப் போங்கள், காதையும் கழுத்தையும் ஒன்றாக மூட அதைவிட நல்ல பொருள் இல்லை. காலுக்குக் கணுக்காலை மூடும், அடியில் ஆழமான பள்ளம் உள்ள நீர்புகா ஷூ. அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை ஷூவின் மேல் ரப்பர் பட்டையோடு மாட்டும் ஆணிச் சங்கிலி ஒரு ஜோடி அவசியம். சில வண்டிகளில் வாடகைக்குத் தருவார்கள், கேட்டு வையுங்கள். பாறையிலும் வண்டிப் படியிலும் ஏறும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வழுக்கும்.

கே: நாங்கள் சுத்த சைவம். வழியில் சாப்பாடு? வீட்டுப் பலகாரம் எடுத்துப் போகலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

எடுத்துப் போகலாம், எதை என்பதில்தான் கவனம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. பால்கோவா, நெய் ஒழுகும் மைசூர்பாகு, தயிர்சாதம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். முறுக்கு, கடலைமிட்டாய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் பிரச்சினையில்லை. புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைத்தால் திரவம் என்று விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெட்டியில் போடுங்கள்.

மதியச் சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்தில் சேராது. கெய்சிர் எதிரே உணவகங்கள் உண்டு, ஆனால் "உள்ளூர் சூப்" என்று கேட்டால் வருவது ஆட்டுக்கறி சூப்பாக இருக்கும். தக்காளி சூப்பும் ரொட்டியும் வேண்டுமென்றால் ஃப்ரித்ஹெய்மார் என்ற கண்ணாடிக்கூடத் தோட்டம் இருக்கிறது. நிலத்தடி வெந்நீரால் சூடாக்கி, ஆண்டு முழுவதும் தக்காளி விளைவித்து, செடிகளுக்கு நடுவே மேசை போட்டுப் பரிமாறுகிறார்கள். அங்கே நின்று சாப்பிடும் பயணமா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். வழியில் லாய்கர்வாத்ன் என்ற ஊரில் நிற்கும் வண்டி என்றால், சூடான மண்ணுக்குள் பானையைப் புதைத்து 24 மணி நேரம் வேகவைத்த கம்பு ரொட்டி கிடைக்கும். நம்மூர்க் கம்பு இல்லை, ரை என்ற தானியம். கொஞ்சம் இனிக்கும்.

பல சூப்பர்மார்க்கெட்டுகள் காலையில் வண்டி கிளம்பிய பிறகுதான் திறக்கும். பழம், ரொட்டி முதல்நாள் மாலையே வாங்கி வையுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்க் குளிர்நீரே அருமையாக இருக்கும். வெந்நீர்க் குழாயில் வரும் அழுகிய முட்டை வாடை கந்தகம், குளிக்கத் தீங்கில்லை, குடிக்கக் குளிர்நீரைப் பிடியுங்கள்.

கே: டிசம்பர் விடுமுறையில் போனால் வீணா?
– வாசகர், துபாய்

வீணில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் போக வேண்டும். டிசம்பர் 21-ஐ ஒட்டி ரெய்க்யவிக்கில் சூரியன் 11.20 மணி வாக்கில் உதித்து 3.30-க்கு மறைந்துவிடும். வெளிச்சம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், இடமோ மூன்று. 8 மணிக்கே கிளம்பும் பயணத்தை எடுத்தால் முதல் இடம் இருட்டில் போகும். 9.30 வாக்கில் கிளம்பி, திங்வெல்லிரை விடிவெளிச்சத்திலும், குல்ஃபோஸையும் ஸ்ட்ரோக்கூரையும் பகலிலும் காட்டும் வரிசையைத் தேடுங்கள். பனி மூடிய திங்வெல்லிர் அரைவெளிச்சத்திலும் அழகு, ஆவி பறக்கும் ஊற்று இருட்டில் ஒன்றுமே தெரியாது.

அதைவிட முக்கியம், தங்கும் நாட்களில் முதல் நாளுக்கே பதிவு செய்வது. ஐஸ்லாந்து வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை விடும். ஆரஞ்சு வந்தால் சாலைகள் மூடப்படலாம், பயணம் ரத்தாகலாம். நிறுவனம் ரத்து செய்தால் பெரும்பாலும் வேறு நாளுக்கு மாற்றித் தரும் அல்லது பணம் திருப்பித் தரும். கடைசி நாளுக்கு வைத்திருந்தவருக்கு மாற்றிக்கொள்ள நாளே இருக்காது. வானிலைக்கு வேதூர் டாட் ஐஎஸ் (vedur.is), பாதுகாப்புக்கு சேஃப்டிராவல் டாட் ஐஎஸ் (safetravel.is) இணையதளங்கள், இரண்டையும் முதல்நாள் இரவு பாருங்கள்.

கே: திங்வெல்லிரில் ஒரு கால் அமெரிக்காவிலும் ஒரு கால் ஐரோப்பாவிலும் வைக்கலாமாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

கால் அவ்வளவு நீளமாக இருந்தால் வைக்கலாம். பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நீங்கள் நடக்கும் அல்மன்னாக்யா சுவர் வட அமெரிக்கத் தட்டின் விளிம்பு. யூரேசியத் தட்டின் விளிம்பு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், சில கிலோமீட்டர் தள்ளி. இரண்டுக்கும் நடுவே இருப்பது இழுபட்டுத் தாழ்ந்துகொண்டிருக்கும் தரை. கடந்த 10,000 ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கு சுமார் 70 மீட்டர் அகன்று 40 மீட்டர் இறங்கியிருக்கிறது. ஆகவே கோடு போட்டுக் காட்ட ஓர் இடம் இல்லை. ஹாகித் மேடையில் நின்று இந்தக் கரையையும் எதிர்க்கரையையும் ஒரே பார்வையில் பாருங்கள், விஷயம் அங்கே விளங்கும்.

அதே இடத்தில்தான் கி.பி. 930-இல் அல்திங் என்ற மக்கள் மன்றம் கூடத் தொடங்கியது, 1798 வரை அங்கேயே கூடியது. பிளவின் பாறைச் சுவர் பேசுபவர் குரலைத் திருப்பி அனுப்பும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கொடிக்கம்பம் நிற்கும் இடத்தைச் சட்டப் பாறை என்று காட்டுவார்கள். 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பாசியை மட்டும் மிதிக்காதீர்கள், தேய்ந்தால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ட்ரோன் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

கே: வெந்நீர்க் குளமும் சேர்த்துத் தருகிறார்கள். எடுக்கலாமா? பெண்களுக்குச் சங்கடம் இருக்காதே?
– வாசகி, சேலம்

குளத்துக்கு உடை மாற்றுவது, குளிப்பது, தலை உலர்த்துவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போகும், நாள் பத்து மணி நேரமாகும். குளிர்காலத்தில் இருட்டிய பிறகு கடைசி நிறுத்தமாக வந்தால் எடுங்கள். நீர் 38–40 டிகிரி, உடம்புக்கு இதம். கோடையில் அந்த நேரத்தை அருவிக்குக் கொடுப்பது மேல்.

சங்கடம் பற்றி: குளத்தில் இறங்கும் முன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும், இது கண்டிப்பான விதி. ஆண், பெண் குளியலறை தனித்தனி, ஆனால் உள்ளே பல இடங்களில் பொதுவான ஷவர்தான். சில குளங்களில் கதவோ திரையோ வைத்த தனியறை ஒன்றிரண்டு இருக்கும், நுழைவிலேயே கேளுங்கள். கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மெட்டி, கொலுசு, வெள்ளிச் சங்கிலி விடுதியிலேயே கழற்றி வையுங்கள், கந்தகம் பட்டால் கறுத்துப் போகும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து உட்கார வேண்டும்.

கே: சில்ஃப்ரா பிளவில் ஸ்நார்கல் செய்ய என் மகனுக்கு (11 வயது) ஆசை.
– வாசகர், பெங்களூரு

சில்ஃப்ரா என்பது திங்வெல்லிரில் நீர் நிறைந்த பிளவு, ஸ்நார்கல் என்பது மூச்சுக் குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து கீழே பார்ப்பது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தபட்ச வயது 12. உயரம் 145 செ.மீ., எடை 45 கிலோவும் வேண்டும், நீச்சலும் தெரிய வேண்டும். நீர் ஆண்டு முழுவதும் 2–4 டிகிரி. உடம்பை நனையவிடாத டிரை சூட் தருவார்கள், முகமும் கையும் மட்டும் மரத்துப் போகும். கண்ணாடி போடுபவர்கள் கான்டாக்ட் லென்ஸ் போட்டு வர வேண்டும்.

கே: ஓட்டுநருக்கு டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், ஈரோடு

எதிர்பார்க்க மாட்டார்கள். மனம் விரும்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அதற்காக அந்நாட்டுக் குரோனாவை மாற்றி வைக்க வேண்டாம், மற்றபடி எல்லா இடத்திலும் கார்டு செல்லும். கார்டின் நான்கு இலக்கப் பின் எண் மட்டும் நினைவில் இருக்கட்டும்.